சென்னையில் வீடு, செங்கல்பட்டில் நிலம்: தோட்டத்துக்கு எந்த லோடு வண்டி?

தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ குடியிருந்துகொண்டு உத்திரமேரூர், மதுராந்தகம், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் வாங்கிப் பயிர் செய்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். கிணறு, மோட்டார், வேலி எல்லாம் முடிந்த கையோடு அடுத்து எழுவது வண்டிக் கேள்விதான். வேப்பம் புண்ணாக்கு மூட்டையைக் காரின் டிக்கியில் ஏற்றி வந்தவருக்கு அந்த அவசரம் நன்றாகவே புரியும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரின் கணக்கும் பெரும் பண்ணைக்காரரின் கணக்கும் வேறு.

பலரும் முதலில் ஷோரூமுக்குப் போகிறார்கள். அங்கே பேச்சு முன்பணத்திலும் மாதத் தவணையிலும்தான் தொடங்கும். வண்டியைத் தீர்மானிக்க வேண்டியவையோ வேறு மூன்று: சாதாரண வாரத்தில் நீங்கள் ஏற்றும் எடை, நிலத்துக்குப் போகும் கடைசி அரை கிலோமீட்டர் பாதை, சென்னையில் வண்டி நிற்கப்போகும் இடம். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டுப் போனால் விற்பனையாளரிடம் பேசுவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும்.

முதல் வேலை: எடையை எழுதுங்கள்

"கொஞ்சம் உரம், கொஞ்சம் காய்கறி" என்பது கணக்காகாது. யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் சிப்பம் 40 கிலோ. இருபது சிப்பம் ஏற்றினால் 800 கிலோ ஆகிவிடும். சின்ன வண்டி ஒன்றின் எல்லையை அதுவே தாண்டிவிட்டது. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அந்தத் தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது வளைவுகளில் தண்ணீர் அலைந்து வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். எம்-சாண்டும் ஜல்லியும் உங்கள் கணக்கிலேயே சேர வேண்டாம். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. எடை நான்கு டன்னுக்கு மேல் வரும். அதற்கு டிப்பர்காரர் இருக்கிறார்.

அடுத்து, எடை குறைவாகவும் இடம் அதிகமாகவும் கேட்கும் சரக்குகள். வைக்கோல், காய்ந்த சருகு, நாற்றுத் தட்டுகள், பூ மூட்டைகள் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு டன் கணக்கைவிட, வண்டியின் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் நீள அகலமே முக்கியம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்கும் பிவிசி குழாய் 20 அடி நீளம். அது எந்த பிக்கப்பிலும் முழுதாக அடங்காது. கேபினுக்கு மேல் கம்பிச் சட்டம் வைத்துக் கட்டினாலும் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். வருடத்தில் ஒரு முறை வாங்கும் குழாய்க்காக நீளமான வண்டி வாங்குவதைவிட, கடைக்காரரையே கொண்டுவந்து இறக்கச் சொல்வது மேல்.

இப்போது ஒரு முக்கியமான கணக்கு. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும்: வெறும் வண்டியின் எடை, சுமையுடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. விளம்பரத்தில் 750 கிலோ என்று போட்டிருந்தால் ஓட்டுநரும் உடன் வருபவரும் அதற்குள்தான் அடக்கம். பிறகு இரும்புச் சட்டம், தார்ப்பாய், கூடுதல் தகடு என்று பாடி கட்டும் பட்டறையில் சேர்ப்பதெல்லாம் அந்த 750-ஐத்தான் தின்னும். கடைசியில் சரக்குக்கு 600 கிலோ மிஞ்சினால் சந்தோஷப்படுங்கள்.

இடம் இருக்கிறதே என்று ஏற்றுவதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ஏழடி நீளம், நாலே முக்கால் அடி அகலம் உள்ள சின்ன வண்டித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் கிரேட் ஓர் அடுக்கில் பத்து அடங்கும். நான்கு அடுக்கு வைத்தால் நாற்பது. கிரேட்டுக்கு 20 கிலோ கத்தரிக்காய் என்றால் 800 கிலோ. காலிக் கிரேட் ஒன்றுக்கு இரண்டு கிலோ வீதம் இன்னும் 80. தொட்டி அழகாக நிறைந்திருக்கும், கயிறும் கட்டியாயிற்று, வண்டியோ அனுமதித்த எடையைத் தாண்டி நிற்கிறது. கண்ணை நம்பாதீர்கள், போகும் வழியில் எடைமேடை இருந்தால் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள்.

சாதாரண வாரத்துக்கு வாங்குங்கள், அறுவடைக்கு வாடகைக்கு எடுங்கள்

என் கருத்தில் இந்தக் கட்டுரையில் நீங்கள் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான். தர்பூசணி அறுவடை நடக்கும் மாசி பங்குனியில் மூன்று டன் போக வேண்டியிருக்கும் என்பதற்காக இரண்டு டன் பிக்கப்பை வாங்குகிறவர், மீதி பத்து மாதமும் நான்கு மூட்டை உரத்துக்கு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த மூன்று டன்னும் அதில் ஒரே நடையில் போகாது என்பது வேறு விஷயம். அறுவடைக்கு மட்டும் ஊரில் வாடகை வண்டி பிடிப்பது எப்போதும் மலிவு. வியாபாரியே வயலுக்கு லாரி கொண்டுவருகிற பயிர் என்றால் அந்தச் செலவும் இல்லை.

வண்டி வாங்கவே வேண்டுமா என்பதையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதத் தவணை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 1,44,000. காப்பீடு, வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று), டயருக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து 36,000 என்று கொண்டால் மொத்தம் 1,80,000. வாரத்துக்கு ஒரு நடை, வருடத்துக்கு ஐம்பது நடை போனால் ஒரு நடைக்கு 3,600 ரூபாய், அதுவும் டீசல் அடிப்பதற்கு முன்பே. உங்கள் ஊரிலிருந்து கோயம்பேட்டுக்கு குட்டியானை வாடகை என்ன என்று கேட்டு, பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாரம் இரண்டு மூன்று நடை இல்லாதவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் வாடகை வண்டியின் பக்கமே சாயும். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரோடு சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு அனுப்புவது அதைவிட நல்லது. அது கட்டுப்படியானால் இத்துடன் படிப்பதை நிறுத்திவிடலாம்.

கடைசி அரை கிலோமீட்டர்

ஜி.எஸ்.டி. சாலையில் எல்லா வண்டியும் ஓடும். வண்டியைச் சோதிப்பது தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து உங்கள் வாசல் வரையுள்ள பாதை. அதை நடந்து பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு முறை நடந்து பார்த்தால் இன்னும் நல்லது. ஏரிப் பாசன ஆயக்கட்டில் களிமண் இருந்தால் அந்த இரண்டு மாதம் பாதை வேறு முகம் காட்டும்.

பார்க்க வேண்டியவை: கால்வாய்மேல் போட்ட சிறுபாலத்தின் அகலம், ஏரிக்கரை ஏற்றம், கரையில் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம், உங்கள் கேட்டின் அகலம், உள்ளே போன வண்டி திரும்புவதற்கான இடம். கையில் அளவு நாடா வைத்துக்கொள்ளுங்கள். டாடா ஏஸ் சுமார் ஒன்றரை மீட்டர் அகலம். பொலேரோ பிக்கப் அதைவிட அகலம். பத்தடி கேட்டில் நேராக நுழைய எதுவும் போதும். ஆனால் குறுகலான வண்டிப்பாதையிலிருந்து வளைந்து நுழைய வேண்டுமென்றால் நீளமான பிக்கப் இரண்டு முறை பின்னால் போய் வர வேண்டியிருக்கும். பின்னால் போகுமிடத்தில் வாய்க்கால் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

புதியவர்கள் எதிர்பாராத ஒன்று இருக்கிறது. இந்த வண்டிகள் அநேகமாக எல்லாமே பின்சக்கர இழுவை. சுமை இருக்கும்போது பின்சக்கரம் மண்ணை நன்றாகப் பிடிக்கும். காலியாக இருக்கும்போது பின்பக்கம் இலேசாகி, ஈர மண்ணில் சக்கரம் சும்மா சுழலும். ஆகவே சேற்றில் மாட்டுவது பெரும்பாலும் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போதுதான். பின் அச்சுக்கு மேலாக இரண்டு மணல் மூட்டை வைத்துக்கொள்வது கிராமத்து ஓட்டுநர்களின் வழக்கம். அது வேலை செய்கிறது. ஆனால் வருடம் முழுவதும் அந்த மூட்டைகளைச் சுமந்துகொண்டு திரிந்தால் டீசல்தான் வீண்.

நான்கு சக்கர இழுவை வேண்டுமா? டாடா யோதாவிலும் இசுஸு வி-கிராஸிலும் அந்த வசதியுள்ள வகைகள் உண்டு. விலையும் பராமரிப்பும் கூடும். பெரும்பாலான செங்கல்பட்டு, திருவள்ளூர் நிலங்களுக்கு அது தேவையில்லை என்பேன். அந்தக் கூடுதல் பணத்தில் கேட்டிலிருந்து களம் வரை கிராவல் கொட்டி, இரண்டு பக்கமும் வடிகால் எடுத்துவிட்டால் வருகிற எல்லா வண்டிக்கும் அது பயன்படும்.

சென்னையிலும் அளவு நாடா வேலை செய்ய வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பிக்கப் நீளம் அடங்குமா, மஞ்சள் போர்டு வண்டியை உள்ளே நிறுத்தச் சங்கம் சம்மதிக்குமா என்று முன்னதாகவே கேளுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் வண்டி நிலத்திலேயே நிற்பதுதான் வழி. நிலத்தில் காவலுக்கு ஆள் இருந்து, அவருக்கு ஓட்டவும் தெரிந்தால் அதுவே உத்தமம்.

எந்த வகை யாருக்கு

முக்கால் டன் வரை ஏற்றும் சின்ன வண்டிகள் ஒரு பக்கம். 2005-இல் வந்த டாடா ஏஸ்தான் இந்தச் சந்தையைத் திறந்துவிட்டது. குட்டியானை என்றாலே இன்னமும் அதுதான். மஹிந்திரா ஜீத்தோ, மாருதி சூப்பர் கேரி ஆகியவையும் இதே களத்தில் நிற்கின்றன. சூப்பர் கேரியில் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் என்பதால் கார் ஓட்டிப் பழகிய நகரத்துக்காரருக்குக் கை சீக்கிரம் படியும். காய்கறி, கீரை, பூ, பால், வாரம் ஐந்தாறு மூட்டை உரம் என்று போகும் இரண்டு ஏக்கர்காரருக்கு இந்த வகை போதும். தொட்டி தாழ்வாக இருப்பதும் ஒரு வரம். தனியாளாக மூட்டை தூக்கி ஏற்றும்போது தொட்டியின் உயரம் உங்கள் இடுப்புக்குக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதில்தான் அன்றைய முதுகு வலி இருக்கிறது. ஷோரூமில் இதைத் தவறாமல் நின்று பாருங்கள்.

ஒரு டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை நடுத்தர வகை. டாடா இன்ட்ராவில் வி10 ஒரு டன், வி30 1.3 டன், வி50 ஒன்றரை டன். அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-இல் வந்தது. நிறுவனத்தின் தலைமையகம் சென்னை, இந்த வண்டி தயாரானது ஓசூரில். ஒன்றே கால் முதல் ஒன்றரை டன் வரை வகைக்கேற்ப ஏற்றும். சென்னையைச் சுற்றியுள்ள பெரும்பாலான ஐந்து ஏக்கர் நிலங்களுக்கு என் ஓட்டு இந்த நடுத்தர வகைக்குத்தான். நெல்லும் வேர்க்கடலையும் உண்டு, தண்ணீர்த் தொட்டியும் சில நாள் ஏற்ற வேண்டும், நெடுஞ்சாலையில் லாரிகளோடு ஓடவும் வேண்டும் என்பவருக்குச் சின்ன வண்டி மூச்சு வாங்கும்.

அதற்கு மேலே பொலேரோ பிக்கப், டாடா யோதா. வகையைப் பொறுத்து ஒன்றே கால் டன்னிலிருந்து இரண்டு டன் வரை. மூக்கு நீண்ட இந்த வண்டிகளில் எஞ்சின் முன்னால் தனியாக இருப்பதால் மெக்கானிக் வேலை செய்ய வசதி. சின்ன ஊர்ப் பட்டறைகளிலும் பொலேரோவைப் பிரிக்காத கை அரிது. சவுக்குக் கட்டை, நெல், மாட்டுத் தீவனம் என்று கனமான சரக்கே அன்றாடம் என்றால் இது. இல்லையென்றால் காலி வண்டியில் ஸ்பிரிங் பட்டையின் குலுக்கலுக்கும் கூடுதல் டீசலுக்கும் நீங்களே விலை கொடுப்பீர்கள்.

டபுள் கேபின் பிக்கப்புகள் மேல் பலருக்கும் ஒரு கண். குடும்பமும் போகலாம், மூட்டையும் போகலாம் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. வேலைக்காகவே செய்யப்பட்ட பொலேரோ கேம்பர் போன்றவை பரவாயில்லை. டொயோட்டா ஹைலக்ஸ், சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகும் வி-கிராஸ் போன்றவை சொந்தப் பயன்பாட்டு வண்டிகள். அவற்றில் சட்டப்படி ஏற்றக்கூடிய எடை, அந்த ஆகிருதியைப் பார்த்து நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. வாங்குவதற்கு முன் இரண்டு எடைகளையும் கேட்டுக் கழித்துப் பாருங்கள். அந்த விலைக்கு ஒரு பழைய காரும் ஒரு புதிய நடுத்தர லோடு வண்டியும் வாங்கலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூடிய வேன், உதாரணமாக மாருதி ஈகோ கார்கோ, முட்டை, விதை, நாற்று, பாட்டிலில் எண்ணெய் என்று விற்பவருக்கு ஏற்றது. மழை பற்றிய கவலை கிடையாது, பூட்டிவிட்டுப் போகலாம். சித்திரை வைகாசியில் மதியம் கீரையை அதில் வைத்தால் கோயம்பேடு சேர்வதற்குள் வாடிவிடும்.

எரிபொருள்

டீசல் வண்டிகள் 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.6 தரத்தில்தான் வருகின்றன. புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று அவற்றில் இருக்கும். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து வேகமாக ஓட வேண்டும். நிலத்துக்கும் பக்கத்து உரக்கடைக்கும் மட்டும் இரண்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். உங்கள் ஓட்டம் அப்படிக் குட்டைக் குட்டையாக இருக்குமானால் பெட்ரோல் வண்டியே நிம்மதி. வாரத்துக்கு முந்நூறு நானூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை என்றால் டீசல். வாங்கும் வண்டிக்குப் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவம் ஊற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிலவற்றுக்கு வேண்டும்.

சி.என்.ஜி. மலிவு என்பது உண்மை. சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் நிலையங்கள் வந்துவிட்டன. ஆனால் சிலிண்டரின் எடை சுமையில் கழியும். ஒரே வண்டியின் பெட்ரோல் வகைக்கும் சி.என்.ஜி. வகைக்கும் நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வருவதுண்டு. பயன்படுத்தப்போகும் நிலையம் உங்கள் வழியிலேயே இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்று விடியற்காலையில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். மின்சார வண்டி நகருக்குள் விநியோகத்துக்கு நன்றாக இருக்கும். உத்திரமேரூரிலிருந்து கோயம்பேடு போய்த் திரும்பினால் 170 கிலோமீட்டர் அளவில் வரும். அந்தத் தூரத்தைச் சுமையுடன் ஒரே சார்ஜில் எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

காகிதங்கள்: இங்கே அவசரப்படாதீர்கள்

லோடு வண்டி என்றால் மஞ்சள் போர்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. பெரிய பிக்கப்புகளில் ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே ஒரு வகை இந்த எல்லைக்கு உள்ளேயும் இன்னொன்று வெளியேயும் இருக்கும். நூறு இருநூறு கிலோ கூடுதல் சுமைக்காகப் பெர்மிட் வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்வதா என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று புதிய வண்டிக்கு இரண்டு ஆண்டு செல்லும். பிறகு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும். கார் வைத்துப் பழகியவர்கள் மறப்பது இதைத்தான். எஃப்.சி. காலாவதியான வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராமல் இழுக்க அதுவே போதும்.

ஓட்டுநர் உரிமம் பற்றி நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை, இலகுரக வாகன உரிமம் உள்ளவர் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. உங்கள் கார் உரிமமே இந்த வண்டிகளுக்குப் போதும்.

அதிக சுமைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. அதிகப்படியை இறக்கவும் வைப்பார்கள். தொட்டிக்கு வெளியே அனுமதியின்றி நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கும் 20,000 உண்டு. மேலே சொன்ன 20 அடிக் குழாயை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவலைப்பட வேண்டியது ஆட்களை ஏற்றுவது. களை எடுக்க வரும் பெண்களைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவருவது நம் பக்கம் தினமும் காணும் காட்சி. சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரும் அவர் சார்பில் வருபவரும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்குள் வருவார்கள், அதுவும் கேபினில் அனுமதிக்கப்பட்ட இருக்கைகளுக்கு உட்பட்டு. தொட்டியில் உட்கார்ந்து வரும் பத்துப் பேருக்குக் காப்பு கிடையாது. வண்டி ஏரிக்கரையில் சாய்ந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். பணத்தை விடுங்கள், உயிர் போனால் யார் பதில் சொல்வது? ஆட்களுக்கு ஷேர் ஆட்டோ காசு கொடுத்துவிடுங்கள்.

காப்பீடு எடுக்கும்போது சொந்தச் சரக்குக்கு மட்டுமா, வாடகைக்கும் ஓட்டுவீர்களா என்று உண்மையைச் சொல்லுங்கள். வணிக வண்டிக் காப்பீட்டில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் ஆகியவற்றின் சேதம் பொதுவாகச் சேராது, ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். முகவர் தானாகச் சொல்லமாட்டார்.

சுங்கச்சாவடியிலும் வகை பார்த்துப் பணம் போகிறது. ஏஸ் போன்ற சின்ன லோடு வண்டிகள் ஃபாஸ்டாக்கில் காருடன் ஒரே வகை. அதற்கு மேற்பட்ட இலகுரக வணிக வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டணம் காரைப்போல் ஏறக்குறைய 1.6 மடங்கு. பரனூரை வாரம் நான்கு முறை கடப்பவர் இதையும் கணக்கில் சேர்க்கட்டும். தாம்பரத்திலிருந்து பெரியபாளையம், பொன்னேரி பக்கம் போகிறவருக்கு வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நகரத்து நெரிசலைத் தவிர்க்கும்.

விலையைப் பொறுத்தவரை, சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

பழைய வண்டி என்றால்

முதல் வண்டியைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. உங்கள் உண்மையான தேவை ஒரு வருடம் ஓட்டிய பிறகுதான் தெரியும்.

சென்னையில் பழைய வண்டி வாங்குபவர் முதலில் தேட வேண்டியது வெள்ளத்தின் தடம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து அதன் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். இருக்கையின் அடி போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பெட்டியின் மூலையில் வண்டல், விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க்கறை ஆகியவை கழுவினாலும் போகாத அடையாளங்கள்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேசிஸ் சட்டத்தில் வெல்டிங் வைத்த இடம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், பேரம் வேண்டாம். பின்பக்க ஸ்பிரிங்கில் மற்றவற்றோடு சேராத புதுப் பட்டை ஒன்று செருகியிருந்தால் அந்த வண்டி எப்போதும் அதிக சுமை சுமந்தது என்று பொருள். தொட்டியின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். உரம் ஏற்றிய வண்டியில் தகடு அங்கேதான் அரித்திருக்கும்.

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு வரி, எஃப்.சி., காப்பீடு ஆகியவற்றின் தேதிகளையும் நிலுவையிலுள்ள இ-சலான்களையும் சரிபாருங்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் 35-ஆம் படிவமும் அவர்களுடைய தடையின்மைச் சான்றும் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கிய அதே வாரத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போவதற்கு ஆகும் ஐந்நூறு ஆயிரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். உதிரி பாகம் எதுவும் புதுப்பேட்டையில் கிடைக்கும் என்ற தைரியம் நல்லதுதான். அதற்காக அங்கே குடியிருக்க வேண்டிய வண்டியாக வாங்கிவிடக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பதும் எடுத்து வருவதும்

காலி வண்டியை ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. அரை டன்னாவது சுமை வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். லோடு வண்டி விற்பவர்கள் பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். முடிந்தால் உங்கள் நிலத்துக்கே கொண்டுபோங்கள். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுங்கள், அறுபதில் போய்ப் பிரேக் போடுங்கள், பின்னால் நகர்த்திக் கேட்டுக்குள் நுழையுங்கள். வண்டியை அதிகம் ஓட்டப்போவது உங்கள் ஆள் என்றால் அவரையே ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்குக் கால் எட்டாத கிளட்ச் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் பயனில்லை.

பாடி கட்டும்போது மூன்று பக்கமும் இறங்கும் கதவு, கயிறு கட்ட நிறைய கொக்கிகள், தார்ப்பாய்க்குக் கழற்றி மாட்டும் சட்டம் ஆகியவற்றைக் கேளுங்கள். நிரந்தரச் சட்டம் எடை கூட்டும், வைக்கோல் ஏற்றும்போது இடைஞ்சல். களை எடுக்கும் பவர் வீடர் இயந்திரத்தை ஏற்றுவதற்கு இரண்டு வலுவான சாய்வுப் பலகைகள் வாங்கித் தொட்டியிலேயே கட்டிவையுங்கள். பூச்சிமருந்துக்கு மூடியுள்ள ஒரு தனிப் பெட்டி வேண்டும். காய்கறி கிரேட் வைக்கிற தகட்டில் மருந்து சிந்தக் கூடாது. உரம் ஏற்றிய அன்றே தொட்டியைக் கழுவிவிட்டால் தகடு பல ஆண்டு கூடுதலாக உழைக்கும்.

வண்டி கைக்கு வரும் நாளில் கதவு ஓரத்திலோ கையேட்டிலோ உள்ள டயர் காற்றழுத்தப் பட்டியலைப் படம் எடுத்து ஓட்டுநரின் கைப்பேசிக்கு அனுப்பிவையுங்கள். பின் டயருக்குக் காலி வண்டிக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு வேறோர் அளவும் போட்டிருக்கும். எப்போதும் முழுச் சுமை அளவிலேயே வைத்திருந்தால் காலி வண்டி குதித்துக்கொண்டே போகும். குறைவாக வைத்துச் சுமை ஏற்றினால் மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும். ஸ்டெப்னிக்கும் அன்றைக்கே காற்றுப் பிடித்து, ஜாக்கி சுமையோடு வண்டியைத் தூக்குகிறதா என்று கேட்டுக்கு உள்ளே நிறுத்தி ஒரு முறை தூக்கிப் பாருங்கள். மண் தரையில் ஜாக்கி புதையும். அதற்குக் கீழே வைக்க ஓரடி சதுரப் பலகை ஒன்றை இருக்கைக்குப் பின்னால் போட்டுவையுங்கள்.